பதில் போடப்படாத கடிதம்

1965-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இர்வின் ஷாட்ஸ் என்றொரு இளம் இதயநோய் மருத்துவர் இருந்தார். அதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்திருந்த கட்டுரையை அவர் படிக்க நேர்ந்தது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி ஊரைச் சுற்றி வாழ்ந்த கறுப்பின ஆண்களைப் பற்றியது அது. சிபிலிஸ் நோய் கண்டு சிகிச்சை பெறாமல் விடப்பட்டவர்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் என்னவெல்லாம் தெரியவந்தது என்பதை அரசு மருத்துவர்கள் அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். இதயத்துக்கும் பெருந்தமனிக்கும் நேர்ந்த சேதம், நரம்பு மண்டலத்தின் பாதிப்பு, இறப்பு விகிதம் எல்லாம் அதில் இருந்தன.

ஷாட்ஸ் கட்டுரையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். மொத்தமே மூன்று வாக்கியங்கள். பலன் தரும் மருந்து கையில் இருக்கும்போது, உயிரைப் பறிக்கக்கூடிய நோயோடு மனிதர்களை மருத்துவர்களே விட்டுவைப்பதைக் கண்டு தாம் திகைத்துப் போனதாகவும், இதில் ஈடுபட்டவர்கள் தங்கள் அறநிலையை மறுபடி எடைபோட வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

பதில் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, விவகாரம் வெடித்த சமயத்தில், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அந்தக் கடிதத்தை அரசுக் கோப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தது. கட்டுரையின் இணையாசிரியர் அதோடு ஒரு குறிப்பைச் சேர்த்து வைத்திருந்தார். இந்த மாதிரிக் கடிதம் வருவது இதுவே முதல் தடவை, இதற்குப் பதில் எழுதும் உத்தேசம் இல்லை என்றது குறிப்பு.

முதல் தடவை! அந்த ஆய்வின் முதல் அறிக்கை அச்சேறியது 1936-ல். அதிலிருந்து ஷாட்ஸ் பேனாவை எடுக்கும் வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். இடையில் கட்டுரைமேல் கட்டுரை வந்திருக்கிறது. சிகிச்சை பெறாத சிபிலிஸ் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். இதழாசிரியர்கள் அச்சேற்றினார்கள், நூலகங்கள் அடுக்கி வைத்தன, மருத்துவர்கள் படித்தார்கள். ஒளிவுமறைவு எதுவுமே இல்லை. ஒரு தவற்றைக் கண்டும் வாய் திறக்காதவர்களுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தெருவில் நடந்த கொலையையோ விபத்தையோ நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் முழுக் கனமும் இருப்பது டஸ்கீகியில்தான்.

நடந்தது இதுதான். 1932-ல் அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவை, அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் சுமார் 600 கறுப்பின ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பாலோர் பருத்தி வயல்களில் வாரத்துக்கு உழுத ஏழைக் குடியானவர்கள். 399 பேருக்கு சிபிலிஸ் இருந்தது. 201 பேர் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட நோயற்றவர்கள். சில மாதங்களில் முடிகிற ஆய்வாகத்தான் அது தொடங்கியது. அடுத்த ஆண்டே, கடைசி ஆள் சாகும்வரை தொடர்வது என்று திட்டம் மாறிற்று. உங்களுக்குச் சிபிலிஸ் இருக்கிறது என்று நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுப்பதற்கு அழைத்தபோது, அதை இலவசமாகக் கிடைக்கும் விசேஷ சிகிச்சை என்று கடிதத்தில் எழுதினார்கள். பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பம் சம்மதித்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு. வறுமையில் இருந்தவர்களுக்கு அது பெரிய தொகை.

1943-ல் சிபிலிஸைப் பென்சிலின் குணப்படுத்தும் என்று காட்டியவர் இதே பொது சுகாதாரச் சேவையின் மருத்துவர் ஜான் மஹோனி. நாற்பதுகளின் முடிவுக்குள் அதுவே எங்கும் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஆய்வில் இருந்த ஆட்களுக்கு மட்டும் ஆய்வாளர்கள் அதைத் தரவில்லை. 1947-ல், நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் தீர்ப்பில், மனிதர்மீது சோதனை நடத்த அவருடைய முழு சம்மதம் வேண்டும் என்ற நெறி எழுதப்பட்டது. ஆய்வு நின்றதா? இல்லை. இன்னும் 25 ஆண்டுகள் நடந்தது.

இத்தனை பேர் படித்தும் ஏன் எவரும் பேசவில்லை என்பதற்கு, நிறவெறி என்ற ஒற்றைப் பதில் எளிதில் வந்துவிடும். அது உண்மையான பதில்தான். அலபாமாவின் வெள்ளை விவசாயிகளை வைத்து இப்படி ஓர் ஆய்வை நாற்பது ஆண்டுகள் நடத்தியிருக்க முடியாது. ஆனால் டெட்ராய்ட்டிலும் பாஸ்டனிலும் அந்தக் கட்டுரைகளைப் படித்த எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. நல்ல மனிதர்களும் வாய் மூடுகிறார்கள். அது எப்படி என்பதைத்தான் ஷாட்ஸ் கடிதம் எழுதிய அதே பத்தாண்டில், நியூயார்க்கில் இரண்டு உளவியலாளர்கள் ஆராயத் தொடங்கினார்கள்.

பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு மாணவர் அறையில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். சுவரிலுள்ள துவாரத்தின் வழியாகப் புகை உள்ளே வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். மூன்று மாணவர்களைச் சேர்த்து உட்கார வைத்தபோது, அப்படிப்பட்ட குழுக்களில் 38 சதவீதத்தில்தான் ஒருவராவது எழுந்தார். அறையில் இருந்த மற்ற இருவரும் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர்களாக இருந்து, புகையைப் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டே போனபோது அந்த அளவு 10 சதவீதத்துக்கு இறங்கியது. மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிவிட்டு, இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேள்வித்தாளை நிரப்பினார்கள். பிறகு கேட்டபோது, அது நீராவி என்று நினைத்தோம், குளிர்சாதனத்திலிருந்து வருவது என்று நினைத்தோம் என்றார்கள்.

அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் அமைதியாக இருக்கிறார், எனவே ஆபத்து இருக்காது என்று ஒருவர் நினைக்கிறார். பக்கத்தில் இருப்பவரும் இவரைப் பார்த்து அதையே நினைக்கிறார். ஆளுக்கு ஆள் உள்ளே ஒரு பதற்றம். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

அவர்களுடைய இன்னொரு சோதனையில், தனித்தனி அறைகளில் இருந்தவர்கள் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்டது. அதைத் தான் ஒருவரே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி கேட்டு ஓடினார்கள். வேறு நாலு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். ஆனால் நகராமல் உட்கார்ந்திருந்தவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது அவர்களுடைய கை வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்களாகவே கேட்டார்கள்.

இந்தச் சோதனைகளுக்குத் தூண்டுகோலாக இருந்தது 1964 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலை. 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தி உலகம் முழுக்கப் பரவி, உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அந்தச் செய்தி பெரும்பாலும் தவறு. பலர் சத்தத்தைக் கேட்டார்களே தவிர நடந்ததைப் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒருவர் அதட்டியதில் கொலையாளி முதலில் ஓடினான். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் கீழே இறங்கி வந்து, உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். 2016-ல் அந்த நாளிதழே தன் பழைய செய்தியின் குறைகளை ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வும் நம்பிக்கை தருகிறது. பத்தில் ஒன்பது சம்பவங்களில் ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருக்கிறார்.

ஆகவே மனிதர்களே இப்படித்தான் என்று கைவிரித்துவிட முடியாது. கண்முன் ஒருவர் அடிபட்டால் நம்மில் பலர் ஓடிப் போகிறோம். நாம் தடுமாறுவது, தீங்கு மெதுவாக நடக்கும்போதும், மரியாதையான உடையில் வரும்போதும்தான். டஸ்கீகியில் புகை வந்தது அச்சிட்ட தாளின் வழியாக. இதழில் வந்திருக்கிறது என்றால் ஆசிரியர் பார்த்திருப்பார், நிபுணர் பார்த்திருப்பார், அரசாங்கம் பார்த்திருக்கும். ஒரு தவற்றைப் பகிரங்கமாகச் செய்தால் அந்தப் பகிரங்கமே அதற்கு நற்சான்றாகிவிடுகிறது.

இதில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. 1991-ல் ஸ்ப்ரான்கா, மின்ஸ்க், பாரன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கக் கொடுக்கப்பட்ட கதை ஒன்று உண்டு. டென்னிஸ் போட்டிக்கு முந்தைய இரவு இரு வீரர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவருக்குச் சிவப்பு மிளகாய்த் தூள் ஒத்துக்கொள்ளாது என்பது மற்றவருக்குத் தெரியும். கதையின் ஒரு வடிவத்தில், அந்தத் தூள் கலந்த உணவை அவரே சிபாரிசு செய்கிறார். இன்னொன்றில், எதிராளி தானாக அதைக் கேட்டு வாங்கும்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். எண்ணம் ஒன்று, விளைவு ஒன்று. ஆனாலும் பலர் சிபாரிசு செய்தவரைத்தான் அதிகம் குற்றம் சொன்னார்கள். கை செய்யாததை மனம் சுலபமாக மன்னித்துவிடுகிறது.

டஸ்கீகி மருத்துவர்களும் இந்த நிழலில்தான் ஒதுங்கினார்கள். நாங்கள் யாருக்கும் நோயை ஏற்றவில்லை, இயற்கையாக நடப்பதைக் கவனித்தோம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இந்த வாதம் ஆவணங்களின் முன் நிற்காது. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கு ஆள் எடுக்கும் வாரியம், சிபிலிஸ் இருந்தவர்களைச் சிகிச்சைக்குப் போகும்படி உத்தரவிட்டது. ஆய்வாளர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்து, இவர்களுக்கு அந்த உத்தரவு போகாமல் பார்த்துக்கொண்டார்கள். சும்மா பார்ப்பதற்கே இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஷாட்ஸின் கடிதம்தான் முதல் கடிதம் என்ற குறிப்பு சரியில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1955-ல், கவுன்ட் கிப்சன் என்ற மருத்துவர் இந்த ஆய்வைப் பற்றிய ஒரு விரிவுரையைக் கேட்டு மனம் பொறுக்காமல், அதை நிகழ்த்திய சிட்னி ஒலான்ஸ்கிக்கு எழுதியிருந்தார். ஒலான்ஸ்கி தம் தரப்பைச் சொல்லிப் பதில் போட்டார். கிப்சன் அதற்கு மேல் போகவில்லை. அறுபதுகளின் கடைசியில் பில் ஜென்கின்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பொது சுகாதாரச் சேவையில் புள்ளியியலாளராகச் சேர்ந்து, இந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டார். மேலதிகாரியிடம் கேட்டார், கவலைப்படாதே என்றார்கள். நண்பர்களோடு சேர்ந்து நடத்திய சிறு செய்தி மடலில் எழுதிப் பத்திரிகைகளுக்கும் அனுப்பிப் பார்த்தார், எவரும் கண்டுகொள்ளவில்லை.

நான்காமவர் பீட்டர் பக்ஸ்டன். பிராக் நகரில் பிறந்தவர். தந்தை யூதர்; நாஜிகளின் பிடிக்குத் தப்பி அமெரிக்கா வந்த குடும்பம். அதே சேவையில், சான் பிரான்சிஸ்கோவில் பால்வினை நோயாளிகளைச் சந்தித்து விவரம் சேகரிக்கும் வேலைக்கு 1965 டிசம்பரில் சேர்ந்தார். ஒருநாள் அலுவலகத்தில் சக ஊழியர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மேக்கன் மாவட்டத்தில் நோய் முற்றிப் புத்தி பேதலித்த ஒருவரைக் குடும்பத்தார் வெளியூர் மருத்துவரிடம் கொண்டுபோக, அவர் பென்சிலின் கொடுத்துவிட்டார். அதற்காக அந்த மருத்துவரை அதிகாரிகள் கடிந்துகொண்டார்களாம். பக்ஸ்டன் ஆவணங்களை வரவழைத்துப் படித்தார். 1966 நவம்பரில் மேலிடத்துக்கு எழுதினார். அட்லான்டாவுக்கு அழைத்து, ஒரு கூட்டத்தில் உட்காரவைத்து அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். வேலையை விட்டு, சட்டம் படிக்கப் போன பிறகும் விடாமல் 1968-ல் மறுபடி எழுதினார். இந்த முறை, 1969 பிப்ரவரியில் நிபுணர் குழு ஒன்று கூடியது. அதில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்று வாதிட்டவர் ஜீன் ஸ்டோலர்மேன் ஒருவர்தான். ஆய்வு தொடரும் என்று முடிவாயிற்று.

பக்ஸ்டன் கடைசியாக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தில் தமக்குத் தெரிந்த ஒரு நிருபரிடம் சொன்னார். அங்கிருந்து அது ஜீன் ஹெல்லர் என்ற நிருபரின் கைக்குப் போயிற்று. 1972 ஜூலை 25 அன்று செய்தி வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வை நிறுத்த அரசு உத்தரவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் மருத்துவ இதழ்களில் கிடந்த விஷயம், நாளிதழ் படிக்கும் சாதாரண மக்கள் முன் வந்ததும் சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. நோயோடு சேர்க்கப்பட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் 74 பேர்.

கிப்சன், ஷாட்ஸ், ஜென்கின்ஸ், பக்ஸ்டன். பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு பேர். அவர்கள் முதலில் எழுப்பிய குரல்களில் ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. ஐம்பதுகளில் சாலமன் ஆஷ் செய்த புகழ்பெற்ற சோதனைகளை இங்கே நினைக்க வேண்டும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலையில், சுற்றியிருந்த எல்லாரும் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் தவற்றோடு ஒத்துப்போயின. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போவது முன்பிருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சரிந்தது. அந்த ஒரு துணைதான் டஸ்கீகியின் நால்வருக்கும் கிடைக்காமல் போனது. கடிதங்களைக் கிழித்துப் போடக்கூடத் தேவையில்லை. ஒன்றை ஒன்று பார்க்காமல் வைத்திருந்தாலே போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவோடு இது முடியவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர், கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் கவனித்துவரும் திட்டத்தை 1966-ல் தொடங்கினார். சக மருத்துவர்கள் பில் மெக்கிண்டோவும் ஜாக் மெக்லீனும் ஆபத்து என்று மருத்துவமனைக்குள்ளேயே பல ஆண்டுகள் முட்டிமோதிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1984-ல் வேறு இருவரோடு சேர்ந்து முடிவுகளை இதழில் வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் சோதனை முடிவு சீராக இருந்த பெண்களில் 1.5 சதவீதம் பேருக்குப் பரவும் புற்றுநோய் வந்தது. சீராகாமல் தொடர்ந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு வந்தது. உலகம் படிக்கலாம் என்று எண்களைப் போட்டுவைத்தும் மூன்று ஆண்டுகள் ஒன்றும் அசையவில்லை. 1987-ல் சான்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் அதைப் பத்திரிகைக் கட்டுரையாக எழுதிய பிறகுதான் நீதி விசாரணை வந்தது. மெக்கிண்டோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. நம் நாட்டிலும், டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று 1976-லிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இதே போன்ற கருப்பைவாய் மாற்றங்களோடு சிகிச்சையின்றிக் கவனித்துவந்த செய்தி 1997-ல்தான் பொதுவெளிக்கு வந்தது.

சரி, பேசாதவர்களின் பொறுப்பு எவ்வளவு? எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கு போட்டால், யாருக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் ஆகும். வயலில் வேலை பார்த்துக்கொண்டு, தன் கணவருக்கு என்ன நோய் என்றே அறியாத மனைவிக்கு இதில் பொறுப்பு கிடையாது. தெரிந்தும் வேலை போய்விடும் என்று பயந்த கீழ்நிலை ஊழியரின் பொறுப்பு கொஞ்சம். கட்டுரையை அச்சுக்கு அனுப்பிய இதழாசிரியருக்கும், 1969 குழுவில் உட்கார்ந்து தலையாட்டிய பேராசிரியர்களுக்கும் நிச்சயமாக அதிகம். காரணம் பதவி மட்டும் அல்ல. அவர்களுடைய மௌனத்தைத்தான் மற்றவர்கள் சம்மதமாகப் படித்தார்கள். புகை நிறைந்த அறையில் எழுதிக்கொண்டே இருந்த அந்த இருவரின் இடம் அவர்களுடையது.

சட்டமும் சில இடங்களில் இப்படித்தான் எடைபோடுகிறது. இந்தியாவில் 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தைமீது நடந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் புகார் செய்யாமல் இருப்பதையே குற்றமாக்கியது. சாதாரண ஒருவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. புகார் செய்யாதது குழந்தை என்றால் தண்டனை இல்லை. யாரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற யோசனை அந்தப் பிரிவில் தெரிகிறது.

ஷாட்ஸ் ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டதைக் குறை சொல்லலாமா? மூன்று வாக்கியம் எழுதியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஒரு வாக்கியமும் எழுதாத ஆயிரக்கணக்கானோரை விட்டுவிடுவது நியாயம் ஆகாது. ஆனால் அந்தக் கடிதத்தின் நகல் இதழாசிரியருக்கும் போய், வாசகர் கடிதப் பக்கத்தில் அச்சாகியிருந்தால், ஜென்கின்ஸ் அதைப் படித்திருக்கக்கூடும். அட்லான்டாக் கூட்டத்தில் பக்ஸ்டன் அதை மேசைமீது வைத்திருக்கக்கூடும். மெய்யான வேறுபாடு இங்கே இருக்கிறது. தவறு செய்பவரின் காதில் மட்டும் சொன்ன எதிர்ப்பை அவரால் கோப்பில் போட்டு மூட முடியும். கூடப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் காதிலும் விழுந்தால் மூடுவது கடினம். ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்டு மயக்க மருத்துவர் 1966-ல் அறமற்ற ஆய்வுகளுக்கு 22 எடுத்துக்காட்டுகளைத் தொகுத்துப் பிரபலமான இதழில் வெளியிட்டபோது, ஆய்வாளர்களின் பெயர்களை விட்டுவிட்டார். டஸ்கீகி அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியும் அந்தக் கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த பலருக்கு, நாம் தனியாக இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

1974-ல் அமெரிக்க அரசு ஒரு கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வை முன்கூட்டியே பரிசீலிக்க, அந்த ஆய்வில் சம்பந்தப்படாதவர்கள் அடங்கிய குழு வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இன்று இந்தியாவிலும் மருத்துவ ஆய்வுக்கு இத்தகைய அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். மருத்துவத்தோடு தொடர்பில்லாத பொதுமக்களின் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கும்போது புகை வருகிறது என்று சொல்வதையே ஒருவரின் வேலையாக ஆக்கிய ஏற்பாடு இது. 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகையில், எஞ்சியிருந்த முதியவர்கள் சிலர் முன்னிலையில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்துவந்த மில்பேங்க் நினைவு நிதியம் அதன் பிறகும் கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. ஊசியைத் தொடாமல், மருந்தை மறுக்காமல், ஆய்வாளர்கள் கேட்டபோது பணம் மட்டும் கொடுத்த அந்த அமைப்பு, 2022-ல் அந்த ஆண்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் நடத்தும் அறக்கட்டளைக்கு நன்கொடையும் அளித்தது.